ஒதுக்கப்பட்டவளுக்கு ஒதுக்கப்பட்ட இடம்: ஸ்டீபன் கிங்கின் ‘கேரி’

ஸ்டீபன் கிங்கின் ‘கேரி’ 1974 ஏப்ரல் 5 அன்று டபுள்டே பதிப்பகத்தின் வழியாக வெளிவந்தது. அச்சேறிய அவருடைய முதல் நாவல் அதுதான். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மேய்ன் மாநிலத்தில், சேம்பர்லின் என்ற கற்பனைச் சிற்றூரில் கதை நடக்கிறது. கதைத்தலைவி கேரி வைட்டுக்குத் தந்தை இல்லை. மதவெறி முற்றிய தாயிடம் வளர்ந்தவள். பள்ளியில் அவளோடு பேசுவார் கிடையாது. கை படாமல் பொருள்களை நகர்த்தும் ஆற்றல், அதாவது டெலிகைனசிஸ், அவளுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. பள்ளியின் ஆண்டு இறுதி நடன விருந்தில் அவள்மீது பன்றி ரத்தம் கொட்டப்படுகிறது. அன்று இரவு ஊர் எரிகிறது. 400 பேருக்கு மேல் சாகிறார்கள், அவளும் சாகிறாள்.

அரை நூற்றாண்டாக இந்தக் கதை பழிவாங்கும் கதையாகவே வாசிக்கப்பட்டு வருகிறது. எல்லோரும் கேலி செய்த ஒருத்தி திருப்பி அடித்தாள் என்பதோடு பலருக்கும் கதை முடிந்துவிடுகிறது. அந்த வாசிப்பு தவறில்லை, ஆனால் போதாது. அவையோர் முன் வைக்கப்படும் கருத்து தமிழ்ச் சொல் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ‘ஒதுக்குதல்’ என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. விலக்கி வைப்பதும் ஒதுக்குவதுதான். ஒருவருக்கென்று இடத்தைத் தனியே எடுத்து வைப்பதும் ஒதுக்குவதுதான். கேரியின் பள்ளி அவளை விலக்கி வைக்கிறது. அப்படி விலக்கும்போதே வகுப்பின் கடைசிப் படியை அவளுக்கென்று எடுத்தும் வைக்கிறது. அந்தப் படியில் அவள் இருக்கும்வரை ஊரில் அமைதி நிலவுகிறது. அதிலிருந்து எழ முயலும்போது வன்முறை வருகிறது. வித்தியாசமாக இருந்ததற்காக அவள் தண்டிக்கப்படவில்லை, மற்றவர்களைப் போல ஆக முயன்றதற்காகத்தான் தண்டிக்கப்பட்டாள் என்பதே இவ்வுரையின் மையக் கருத்து. அவளுடைய ஆற்றலை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1. குளியலறை

நாவலின் முதல் பெருங்காட்சி பள்ளியின் மாணவியர் குளியலறையில் நடக்கிறது. விளையாட்டு வகுப்பு முடிந்து எல்லோரும் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். வெந்நீருக்கு அடியில் நிற்கும் கேரியின் காலில் ரத்தம் வழிகிறது. அவளுக்கு அது முதல் மாதவிடாய். அப்படி ஒன்று உண்டென்றே யாரும் அவளிடம் சொன்னதில்லை. உள்ளே ஏதோ அறுந்து செத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்து அலறுகிறாள். சுற்றி நிற்கும் பெண்கள் டாம்பான்களையும் நாப்கின்களையும் அவள்மீது வீசி, ஒரே குரலாகக் கூச்சலிடுகிறார்கள்.

வீசியவர்களில் ஒருத்தியான சூ ஸ்னெல் கொடூரமானவள் அல்ல. நன்றாகப் படிப்பவள், எல்லோருக்கும் பிடித்தவள். கூட்டத்தோடு சேர்ந்து அவளும் வீசுகிறாள். அதில் ஓர் இன்பத்தையும் உணர்கிறாள். பிறகு அந்த இன்பம்தான் அவளை அரிக்கிறது. ஓடிவரும் உடற்பயிற்சி ஆசிரியை டெஸ்ஜார்டின் முதலில் கேரியை அறைகிறார். இந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது என்பது அதன் பிறகே அவருக்கு விளங்குகிறது. அதாவது பாதுகாக்க வேண்டியவரின் கையும் முதல் கணத்தில் கூட்டத்தின் கையாகவே இருக்கிறது. ஆசிரியர்கள் நிறைந்த இந்த அவையில் அந்த அறையைத் தனியே சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது.

வகுப்பின் பெண்களுக்குள் ஆயிரம் பூசல் இருக்கலாம், பணத்திலும் அழகிலும் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். கேரியைப் பார்த்துச் சிரிக்கும்போது அவர்கள் எல்லோரும் ஒன்று. தனக்குக் கீழே ஒருத்தி நிச்சயமாக இருக்கிறாள் என்ற உறுதி அங்குள்ள ஒவ்வொருத்திக்கும் தேவைப்படுகிறது. பணக்கார வழக்கறிஞரின் மகளான கிறிஸ் ஹார்கென்சனுக்கு அந்தத் தேவை எல்லோரையும்விட அதிகம். அவள் முன்பே வேறொரு மாணவியின் காலணிக்குள் பட்டாசு வைத்தவள். குளியலறைச் சம்பவத்துக்காக நடன விருந்துக்கு வரக்கூடாதென்று தடை விதிக்கப்பட்டதும், அவளுடைய தந்தை தலைமையாசிரியரின் அறைக்கு வந்து வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறார். தலைமையாசிரியர் பணியவில்லை. பெரியவர் ஒருவர் தம் கடமையைச் சரியாகச் செய்யும் அபூர்வமான இடம் அது. ஆனால் அவர் நடவடிக்கை எடுப்பது ஒரு சம்பவத்தின்மீது. கேரிக்கு ஒதுக்கப்பட்ட இடம் அப்படியே இருக்கிறது.

2. வீடு

பள்ளி செய்வதையே வீடும் செய்கிறது. தாய் மார்கரெட் வைட் சலவை நிலையத்தில் வேலை பார்ப்பவள். உடல் என்றாலே பாவம் என்பது அவளுடைய நம்பிக்கை. கருவுற்றிருந்ததைக்கூட அவள் ஏற்றுக்கொண்டதில்லை. வயிற்றில் வளர்வது புற்றுநோய் என்றே எண்ணியிருந்தாள். யாரும் துணையில்லாமல் வீட்டிலேயே தனியாகப் பெற்றெடுத்தாள். மகளுக்குப் பூப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. பாவம் செய்யாதவளுக்கு அந்த ரத்தம் வரவே வராது என்று அவள் நம்பினாள். எனவே மகள் வீடு திரும்பியதும் தாயின் கண்ணில் குற்றவாளியாக நிற்கிறாள்.

வீட்டில் ஓர் இருட்டு அலமாரி அறை இருக்கிறது. தண்டனைக்காக மணிக்கணக்கில் மகளை அதற்குள் பூட்டி ஜெபிக்க வைப்பது தாயின் வழக்கம். பள்ளியில் கடைசிப் படி, வீட்டில் பூட்டிய அறை. இரண்டும் கேரிக்கென்று ஒதுக்கப்பட்ட இடங்கள். தாயின் அன்பு உண்மையானது என்பதால் இந்தப் பூட்டு இன்னும் பயங்கரமாகிறது. மகள் உலகத்தோடு கலப்பதைத் தடுப்பதே அவளைக் காப்பது என்று தாய் மனமார நம்புகிறாள். கிறிஸ் வெறுப்பினால் செய்வதைத் தாய் அன்பினால் செய்கிறாள். முடிவில் கத்தியை எடுத்துக் குத்துவதும் தாய்தான்.

பக்கத்து வீட்டினருக்கு இதெல்லாம் தெரியாததல்ல. நாவலின் முதல் பக்கமே 1966ஆம் ஆண்டின் ஒரு செய்தித் துணுக்கு: அந்த வீட்டின்மீது வெயில் அடிக்கும் நாளில் கல்மழை பெய்தது என்கிறது. அப்போது கேரிக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி நீச்சல் உடையில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, குழந்தை வேலி ஓரம் நின்று அவளோடு பேசியது. அதைக் கண்ட தாய் வெறிபிடித்தவளாகிக் குழந்தையை உள்ளே இழுத்துப்போனாள். அலறல் கேட்டது, பிறகு பனிக்கட்டியும் கல்லும் விழுந்தன. கல் விழுந்தது செய்தியானது. குழந்தை அலறியது செய்தியாகவில்லை. அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அடுத்த 13 ஆண்டுகளில் யாரும் போய்க் கேட்கவில்லை.

3. ஆற்றலின் பரம்பரை

வீட்டின்மீது கல் விழுவதும் பாத்திரங்கள் தாமே உருள்வதும் ஐரோப்பிய நாட்டுப்புற நம்பிக்கையில் நெடுங்காலமாக உள்ளவை. சத்தம் எழுப்பும் ஆவி என்ற பொருளில் ஜெர்மன் மொழி இதைப் போல்டர்கைஸ்ட் என்கிறது. இத்தகைய கதைகளின் நடுவில் பெரும்பாலும் பருவ வயதை எட்டும் ஒரு பெண்ணோ பையனோ இருப்பார்கள். 20ஆம் நூற்றாண்டில் இதை ஆராய முற்பட்டவர்கள் ஆவியை விட்டுவிட்டு அந்த இளையவரின் அடக்கப்பட்ட மனக்கொதிப்பைக் காரணமாகக் காட்டினார்கள். அறிவியல் அதை ஏற்கவில்லை. கதையாசிரியர்களுக்கோ அது பெரும் புதையலாக அமைந்தது.

இந்தப் பரம்பரையில் கிங்குக்கு மிக அருகில் இருப்பவர் ஷெர்லி ஜாக்சன். 1959இல் வந்த ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ நாவலின் எலினார் வான்ஸுக்கு 12 வயதானபோது, தந்தை இறந்து ஒரு மாதம் ஆவதற்குள், அவர்கள் வீட்டின்மீது மூன்று நாள் கல்மழை பெய்தது. கேரியின் கல்மழை அங்கிருந்து வருவதாகக் கொள்ளலாம். தம் ‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ நாவலை 1980இல் கிங் ஜாக்சனின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். அமெரிக்க மண்ணில் இதற்கு இன்னும் பழைய வேர்களும் உண்டு. 1692இல் சேலம் ஊரில் சூனிய விசாரணை சில சிறுமியரின் வலிப்பிலும் அலறலிலும் தொடங்கியது. 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1848இல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில்லில் ஃபாக்ஸ் குடும்பத்தின் இரண்டு பெண்கள் தட்டும் ஒலிகள் மூலம் ஆவிகளோடு பேசுவதாகப் புகழ்பெற்றார்கள். 40 ஆண்டுகள் கழித்து அவர்களில் ஒருவர் அது ஏமாற்று என்று ஒப்புக்கொண்டார். இந்த நிகழ்ச்சிகளில் ஒரு பொதுமை தெரிகிறது. வீட்டில் சொல்லுக்கு மதிப்பில்லாத சிறுமியின் பேச்சை ஊர் முழுக்க நின்று கேட்க வைத்தது, அவளிடம் ஏதோ ஆற்றல் இருக்கிறது என்ற நம்பிக்கைதான்.

கிங் செய்த மாற்றம், இந்தச் சிறுமியை வீட்டிலிருந்து பள்ளிக்குக் கொண்டுவந்தது. பழைய கதைகளில் பேய் பிடித்த வீடு இருந்தது. இதில் அந்த இடத்தைப் பொதுப் பள்ளியின் குளியலறையும் உணவுக்கூடமும் நடன அரங்கும் எடுத்துக்கொள்கின்றன. வாசகர் எல்லோரும் படித்துவிட்டு வந்த இடங்கள் அவை. அரண்மனைக்கும் பாழடைந்த மாளிகைக்கும் போனவர்கள் சிலர்தான். பள்ளிக்குப் போகாதவர் யார்?

4. ரத்தம்

கதை ரத்தத்தில் தொடங்கி ரத்தத்தில் முடிகிறது. முதலில் கேரியின் சொந்த ரத்தம், நடுவில் பன்றியின் ரத்தம், முடிவில் சூ ஸ்னெல்லின் ரத்தம். கிறிஸ் பன்றி ரத்தத்தைத் தேர்ந்தெடுப்பது தற்செயலல்ல. குளியலறையில் சிரிப்புக்கிடமாக்கப்பட்ட ரத்தத்தை எல்லோர் முன்னிலையிலும் மீண்டும் அவள் மேல் பூசி, நீ அந்தக் குளியலறைப் பெண்தான் என்று அறிவிப்பதே திட்டம்.

ஆற்றல் முழு வேகத்தில் விழித்தெழுவதும் பூப்போடு சேர்ந்தே நடக்கிறது. பெண்ணுடல் முதிர்வதை அச்சத்துக்குரியதாகக் காட்டும் பழைய எண்ணத்தையே நாவல் திரும்பச் சொல்கிறது என்று குறை கூறுவோர் உண்டு. பார்பரா கிரீட் 1993இல் வெளியிட்ட திகில் சினிமா பற்றிய நூலில் கேரியைச் சூனியக்காரி உருவத்தின் வரிசையில் வைத்து, மாதவிடாய் ரத்தமும் பன்றி ரத்தமும் கலக்கும் விதத்தை ஆராய்ந்தார். அந்த விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் நாவலில் அந்த ரத்தத்தை அசிங்கம் என்று சொல்பவர்கள் யார் என்பதைப் பார்க்க வேண்டும். ஒருபுறம் வகுப்புத் தோழிகள், மறுபுறம் தாய். கேரியோ விவரம் தெரிந்த பிறகு அச்சம் நீங்கி, கோபம் கொண்டு, தாயை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறாள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்பதே அவள் கேட்கும் கேள்வி. நாவலின் அனுதாபம் அந்தக் கேள்வியின் பக்கம்தான் நிற்கிறது.

5. எழுந்த இரவு

குற்றவுணர்வால் சூ ஒரு காரியம் செய்கிறாள். தன் காதலன் டாமி ராஸை, கேரியை நடன விருந்துக்கு அழைத்துச் செல்லும்படி கேட்கிறாள். கேரி முதலில் நம்பவில்லை. இதுவும் ஒரு கேலியோ என்று அஞ்சுகிறாள். பிறகு ஒப்புக்கொண்டு சிவப்பு வெல்வெட் துணி வாங்கி, தானே கவுன் தைக்கிறாள். கைத்தையல் தெரிந்த பெண் தன் உடம்பை அளந்து, வெட்டி, தைத்து, கண்ணாடி முன் நின்று பார்க்கிறாள். நாவல் முழுவதிலும் அவள் தன் கையால் செய்து முடிக்கும் ஒரே காரியம் அந்த உடை. ஆற்றலால் கதவைப் பூட்டுவதும் மேசையைத் தூக்குவதும் அவளுக்கு எளிது. மற்றப் பெண்களைப் போல ஓர் இரவு உடுத்திக்கொள்வதுதான் அரிது.

நடன அரங்கில் அவளைப் பார்த்தவர்கள் வியக்கிறார்கள். ஓரிருவர் இயல்பாகப் பேசுகிறார்கள். விருந்தின் அரசன் அரசியைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில் டாமியும் கேரியும் இன்னொரு இணையும் சமமாக வர, மறுவாக்கெடுப்பு நடக்கிறது. இவர்கள் வென்றது ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில். அந்த வாக்குச் சீட்டில் கேரி தன் பெயருக்கு நேரே தானே குறியிடுகிறாள். ஒதுக்கப்பட்ட இடத்தை விட்டு எழுவது என்பதை இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. மேடையில் அமர்ந்தவுடன் கிறிஸ் கயிற்றை இழுக்கிறாள். மேலே உத்தரத்தில் வைத்திருந்த இரண்டு வாளி ரத்தம் கொட்டுகிறது. வாளி தலையில் விழுந்து டாமி சாகிறான்.

பிறகு சிரிப்பு எழுகிறது. நாவலில் அரங்கம் உண்மையாகவே சிரிக்கிறது. உயிர் தப்பிய ஒரு பெண் பின்னாளில் அந்தச் சிரிப்புக்கு விளக்கம் தர முயல்கிறாள். சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்பதுதான் அவள் சொல்வதன் சாரம். கேரி முதலில் யாரையும் தாக்கவில்லை. ஓடுகிறாள். காலைத் தடுக்கி விழவைக்கிறார்கள். வெளியே புல்தரையில் விழுந்து கிடந்தபோதுதான் தன்னிடம் ஆற்றல் இருப்பது நினைவுக்கு வருகிறது. திரும்பி வந்து கதவுகளை மூடி, தீயணைப்புத் தெளிப்பான்களைத் திறக்கிறாள். அவர்களுடைய உடைகளையும் அலங்காரத்தையும் நனைத்துக் கெடுப்பதே அவளுடைய முதல் எண்ணம். மின்கம்பிகளில் தண்ணீர் பட்டு ஆட்கள் துடித்து விழுவதைக் கண்ட பிறகே எல்லாம் கைமீறிப் போகிறது.

1976இல் பிரையன் டி பால்மா எடுத்த திரைப்படம் இந்த இடத்தை மாற்றியது. அங்கே வாக்குச் சீட்டுகளே மாற்றி வைக்கப்படுகின்றன. ரத்தம் கொட்டியதும் பெரும்பாலோர் திகைத்து நிற்கிறார்கள், சிரிப்பவர்கள் சிலரே. கேரியின் கண்ணுக்கு மட்டும் எல்லோரும், அவளுக்காகப் பரிந்த ஆசிரியையும்கூட, சிரிப்பதாகத் தெரிகிறது. மேடையில் நின்றபடியே கொல்லத் தொடங்குகிறாள். சினிமாவாக அந்தக் காட்சிக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் நாவலில் ஊரின் குற்றமாக இருந்தது படத்தில் பாதிக்குமேல் பெண்ணின் மனமயக்கமாகிறது. இன்னொரு மாற்றமும் கவனிக்கத்தக்கது. நாவலின் கேரி பருத்த உடம்பும் முகப்பருவும் கொண்டவள். படத்தின் கேரி மெலிந்தவள். ஒதுக்கப்பட்டவளின் உருவத்தைப் பார்வையாளர் ஏற்கும்படி திருத்திய பிறகே திரை அவளை ஏற்றுக்கொண்டது.

இப்படிச் சொல்வது நடிப்பைக் குறைத்து மதிப்பதாகாது. கேரியாக நடித்த சிஸ்ஸி ஸ்பேசெக்கும் தாயாக நடித்த பைப்பர் லாரியும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்கள். திகில் படத்துக்கு இது அரிது. தலைமையாசிரியர் அறைக் காட்சி ஒன்று போதும் ஸ்பேசெக்கின் திறமைக்கு. ஆறுதல் சொல்லும் தலைமையாசிரியர் அவளைத் திரும்பத் திரும்பக் ‘கேஸி’ என்று தப்பான பெயரால் அழைக்கிறார். குனிந்த தலை நிமிர்ந்து அவள் தன் பெயரைக் கத்துகிறாள். மேசைமேல் இருந்த சாம்பல் கிண்ணம் பறந்து விழுகிறது. பெயரைச் சரியாகச் சொன்னால் போதும் என்பதுதான் அங்கே அவள் கேட்பது.

6. ஆவணங்கள்

நாவலின் வடிவம் பற்றிப் போதிய பேச்சு நடக்கவில்லை. கதை நேராகச் சொல்லப்படுவதில்லை. செய்தித் துணுக்கு, விசாரணை ஆணைய அறிக்கை, அறிஞர் ஒருவரின் ஆய்வு நூல், பத்திரிகைக் கட்டுரை, சூ ஸ்னெல் எழுதிய தன்வரலாறு என்று பல கற்பனை ஆவணங்களின் நடுவே அது துண்டு துண்டாக வருகிறது. 1974இல் வெளிவந்த நாவல் கதையை 1979இல் வைத்தது. ஆவணங்களில் பெரும்பாலானவை அதற்கும் பிற்காலத்தவை. ஆகவே முதல் பக்கங்களிலேயே கேரி இறந்துவிட்டாள், ஊர் அழிந்துவிட்டது என்பது வாசகருக்குத் தெரிகிறது. வெறும் ஒரு நீண்ட சிறுகதையை நாவல் அளவுக்கு நீட்ட உதவிய உத்தி இது என்று மட்டும் சிலர் ஒதுக்கிவிடுவதுண்டு. அது நாவலுக்குச் செய்யும் அநீதி.

அந்த ஆவணங்கள் எதை விசாரிக்கின்றன? ஆற்றலை விசாரிக்கின்றன. அது மரபணுவில் வருமா, தாய்வழியா தந்தைவழியா, மீண்டும் யாருக்கேனும் வருமா என்று பக்கம் பக்கமாக ஆராய்கின்றன. குளியலறையில் நடந்ததும் அலமாரி அறையில் நடந்ததும் அவற்றில் முன்கதையாகச் சுருங்கிவிடுகின்றன. உயிரோடிருந்தபோது கேலிப்பொருளாக ஒதுக்கப்பட்டவள் இறந்த பிறகு ஆய்வுப்பொருளாக ஒதுக்கப்படுகிறாள். பெயர் மாறியது, இடம் மாறவில்லை. சூவின் நூல் மட்டுமே வேறு விதமாகப் பேசுகிறது: எங்களுக்கு அப்போது சிறுவயது என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பது அவளுடைய முறையீடு. அந்த முறையீட்டை ஆணையம் பொருட்படுத்தவில்லை.

இத்தகைய நிகழ்ச்சி மீண்டும் நடக்க வாய்ப்பில்லை என்று ஆணையம் தன் அறிக்கையை முடிக்கிறது. நாவலின் கடைசிப் பக்கத்தில் 1988ஆம் ஆண்டு தேதியிட்ட ஒரு கடிதம் இருக்கிறது. எழுத்துப் பிழைகளோடு ஒரு தாய் எழுதுவது. தன் சின்னக் குழந்தை தொடாமலே கோலிக்குண்டுகளை உருட்டி விளையாடுவதைப் பெருமையோடு சொல்கிறாள். ஆற்றல் அதுவேதான். ஆனால் குழந்தை சிரித்து விளையாடுகிறது, தாய்க்கு மகிழ்ச்சி. வழக்கமாக இந்த முடிவை அடுத்த பேரழிவுக்கான எச்சரிக்கையாக வாசிப்பார்கள். அதே ஆற்றல் அன்பு கிடைத்த வீட்டில் விளையாட்டாக இருக்கிறது என்பதற்கான சான்றாகவும் அதை வாசிக்கலாம். இவ்வுரை இரண்டாம் வாசிப்பின் பக்கம் நிற்கிறது.

கேரி இறக்கும் இடத்திலும் இதே குறிப்பு உண்டு. கத்திக்குத்தோடு தரையில் கிடப்பவளைச் சூ தேடிக் கண்டடைகிறாள். கேரி அவளுடைய மனத்துக்குள் புகுந்து பார்க்கிறாள். தனக்கு எதிராகச் சதி எதுவும் அங்கே இல்லை என்று அறிகிறாள். நாவல் முழுவதிலும் ஒருவர் இன்னொருவரை உள்ளபடி அறிந்துகொள்வது அந்தக் கணத்தில் மட்டுமே. கேரி சாகிறாள். கருவுற்றிருப்பதாக எண்ணியிருந்த சூவின் காலில் ரத்தம் வழியத் தொடங்குகிறது. குளியலறையில் தான் எள்ளிய அதே ரத்தம்.

7. வாசிப்புகளும் வழிவந்தவர்களும்

கிங் 1981இல் வெளியிட்ட திகில் இலக்கியம் பற்றிய நூலில், பெண்கள் தங்களுக்கான அதிகார வழிகளைக் கண்டடைவதையும் ஆண்கள் பெண்களிடம் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதையும் ‘கேரி’யின் பொருளாகக் குறிப்பிட்டு, அவளை விவிலியத்தில் கோயிலை இடித்துத் தள்ளிய சாம்சனோடு ஒப்பிட்டார். கரோல் க்ளோவர் 1992இல் எழுதிய ஆய்வு இன்னும் கூர்மையானது. பதின்வயதுப் பையன்கள் ஒரு பெண்ணின் அவமானத்தைத் தங்கள் அவமானமாக உணர்ந்து பார்ப்பது எப்படி என்று அவர் கேட்டார். பாதிக்கப்பட்டவளே வீரனாகவும் நிற்கும் நிலை அதற்கு அவர் கண்ட விடை.

இந்த நாவல் வன்முறைக்குத் தூண்டுமா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. அமெரிக்கப் பள்ளி நூலகங்களில் அடிக்கடி எதிர்ப்புக்குள்ளான நூல்களில் இதுவும் ஒன்று. கிங்கே ஒரு நூலைத் திரும்பப் பெற்றவர்தான். ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரில் 1977இல் வந்த ‘ரேஜ்’ நாவலில் ஒரு மாணவன் துப்பாக்கியோடு வகுப்பைச் சிறைபிடிக்கிறான். 1997இல் கென்டக்கி மாநிலப் பள்ளி ஒன்றில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு அந்த நூலை மறுபதிப்புச் செய்ய வேண்டாம் என்று கிங் சொல்லிவிட்டார். ‘கேரி’யை அவர் திரும்பப் பெறவில்லை. துப்பாக்கி எந்தச் சிறுவன் கைக்கும் எட்டக்கூடியது. கேரியின் ஆற்றலோ உலகில் யாருக்கும் இல்லாதது. அந்த இல்லாமையே இங்கு நூலின் அறம்: கோபத்தின் அளவை வாசகர் உணரலாம், கருவியை எடுத்துக்கொள்ள முடியாது.

வழிவந்த படைப்புகள் பல. நாவல் 1988இல் பிராட்வேயில் இசை நாடகமாக வந்து ஐந்தே காட்சிகளில் மூடப்பட்டது. 2002இல் தொலைக்காட்சிப் படமாகவும், 2013இல் கிம்பர்லி பியர்ஸ் இயக்கத்தில் மீண்டும் திரைப்படமாகவும் வந்தது. ரோல்ட் டாலின் ‘மட்டில்டா’வும் 1988இல்தான் வந்தது, அங்கும் வீட்டில் மதிப்பில்லாத ஒரு சிறுமி கை படாமல் பொருளை நகர்த்துகிறாள். ஆனால் அவளுக்கு மிஸ் ஹனி என்ற ஓர் ஆசிரியை கிடைக்கிறார். கதை சிறுவர் கதையாகவே நிற்கிறது.

8. நூல் பிறந்த இடம்

நூலின் பிறப்பை முதலில் சொல்வதே வழக்கம். இங்கே அது கடைசிக்கு வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம், மேலே சொன்ன கருத்தின் வேர் அங்குதான் இருக்கிறது.

கிங் அப்போது மேய்ன் மாநிலத்தின் ஹாம்ப்டனில் ஆண்டுக்கு 6,400 டாலர் சம்பளத்தில் ஆங்கில ஆசிரியர். மனைவி தபிதாவோடும் இரண்டு குழந்தைகளோடும் டிரெய்லர் வீட்டில் குடியிருந்தார். செலவைக் குறைக்கத் தொலைபேசி இணைப்பையும் துண்டித்திருந்தார்கள். முன்பு ஒரு பள்ளியில் துப்புரவுப் பணியாளாக இருந்தபோது மாணவியர் குளியலறைக்குள் போய்ச் சுத்தம் செய்ததும், பருவ வயதுப் பெண்களையும் டெலிகைனசிஸையும் இணைத்து ‘லைஃப்’ இதழில் படித்த கட்டுரையும் அவர் மனத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சிறுகதைக்கான கருவாயின. சில பக்கங்கள் எழுதி, பெண்களின் உலகம் தனக்குத் தெரியாது என்று கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். தபிதா அவற்றை எடுத்து, சாம்பலைத் தட்டிவிட்டு, படித்துப் பார்த்து, தொடர்ந்து எழுதச் சொன்னார். தெரியாததைத் தான் சொல்லித் தருவதாகவும் சொன்னார். டபுள்டே கொடுத்த முன்பணம் 2,500 டாலர். பிறகு மலிவுப் பதிப்பின் உரிமை 4,00,000 டாலருக்கு விலைபோய், அதில் பாதி கிங்குக்குக் கிடைத்தது. ஆசிரியர் வேலையை விட்டார்.

குப்பைக் கூடையிலிருந்து மீண்ட கதை எல்லோரும் அறிந்தது. அதைவிட முக்கியமானது, 2000இல் வெளியிட்ட எழுத்துக்கலை நூலில் அவர் நினைவுகூரும் இரண்டு பெண்கள். இருவரும் அவருடைய பள்ளிக்காலத்து மாணவியர். ஒருத்தி வலிப்பு நோய் உள்ளவள், தாயோடு தனியாக வசித்தவள். அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஆளுயரச் சிலுவை ஒன்று இருந்தது. மற்றவள் ஆண்டு முழுவதும் ஒரே உடையில் பள்ளிக்கு வந்தாள். விடுமுறை முடிந்து ஒருநாள் அவள் புது உடையும் சுருட்டிய முடியுமாக வந்து நின்றாள். அன்று கேலி குறையவில்லை, முன்னைவிடக் கூடிப்போனது. அவள் முகத்து மகிழ்ச்சி மெல்ல அணைவதை வகுப்பில் இருந்த கிங் பார்த்தார். நடன விருந்தின் சிவப்பு வெல்வெட் கவுன் அந்தப் புது உடையிலிருந்து வந்தது என்று கொள்வதற்கு எல்லா நியாயமும் உண்டு.

கேரியை எழுதி முடித்த பிறகும் தமக்கு அவளைப் பிடித்ததில்லை என்று கிங் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். பள்ளியில் அந்த இருவரையும் எல்லோரையும் போலத் தள்ளி நின்று பார்த்தவர் அவர். எழுத உட்கார்ந்தபோது அந்த இரண்டு முகங்களும் முன்னால் வந்து நின்றன.

அவர்களில் ஒருத்தி பள்ளி முடித்தபின் தனியாக வசித்த வீட்டில் வலிப்பு வந்து இறந்தாள். மற்றவள் திருமணமாகித் தாயான பின் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். நாவல் எழுதப்பட்டபோது இருவருமே உயிரோடில்லை. அவர்களிடம் எந்த ஆற்றலும் இருந்ததில்லை.